“புக்கு முடிஞ்சுது, படிக்கத்தான் வரலை”: ஆங்கில வகுப்பு பற்றி வாசகர் கேள்வி-பதில்

இரண்டாம் பருவம் தொடங்கும் நேரம். 6, 7 வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறவர்கள், மாலை வகுப்பு எடுக்கிறவர்கள், பெற்றோர் என்று வடசென்னைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

ஆறாம் வகுப்பில் 34 பேர். முதல் பருவப் பாடங்களை முழுக்க நடத்திவிட்டேன். ஆனால் தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னால் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. பாடங்களைக் குறைக்கவும் வழியில்லை. அடுத்த பருவத்தை எப்படித் திட்டமிடுவது?
(ஆசிரியை, தண்டையார்பேட்டை)

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதலில் காலண்டரை எடுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து டிசம்பர் மூன்றாம் வாரம் வரை ஏறக்குறைய 11 வாரம். வாரத்துக்கு ஆறு பீரியட் என்றால் 66. இதை நம்பித்தான் பலரும் திட்டம் போடுகிறார்கள். ஆயுதபூஜை, விஜயதசமி, தீபாவளி என்று 5 போகும். வடகிழக்குப் பருவமழைக்கு 6 ஒதுக்குங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பள்ளி திறந்திருந்தாலும் பாதி வகுப்புதான் வரும். வளரறித் தேர்வுகளுக்கு (பருவத்தின் நடுவே வைக்கிற சிறு தேர்வுகள்) 4, திருப்புதலுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் 9, குழந்தைகள் தின விழாவுக்கும் அதன் ஒத்திகைக்கும் 2. கையில் மிஞ்சுவது 40.

இரண்டு யூனிட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புரோஸ் 6, போயம் 3, சப்ளிமென்டரி 3, இலக்கணம் 4, எழுத்துப் பயிற்சி 2. ஆகமொத்தம் 18. இரண்டுக்கும் சேர்த்து 36. மீதி நாலு பீரியட்டை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். நவம்பர் கடைசியில் அவை உங்களைக் காப்பாற்றும்.

இனி யாருக்கு நடத்துகிறோம் என்று தெரிய வேண்டும். பருவத்தின் முதல் வாரத்தில் வாசிப்புச் சோதனை ஒன்று வையுங்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து, பிள்ளைகள் மனப்பாடம் செய்திராத 60 சொல் பத்தி ஒன்று போதும். ஒவ்வொருவரும் உங்கள் மேஜைக்கு வந்து ஒரு நிமிடம் வாசிக்கட்டும். மற்றவர்களுக்குப் பார்த்து எழுதும் வேலை. ஆளுக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு 9 பேர் என்றால் நாலு நாளில் 34 பேரும் முடிந்துவிடுவார்கள். உங்கள் கையில் அதே பத்தியின் நகல் இருக்க வேண்டும். விட்ட சொல்லுக்குக் கோடு, தவறாகச் சொன்னதற்கு அவன் சொன்னது எதுவோ அது, தானே திருத்திக்கொண்டால் ஒரு ‘தா’. மார்க் போடாதீர்கள். மார்க் என்றதும் பயத்தில் குரல் உள்ளே போய்விடும்.

எத்தனை தவறு என்பதைவிட எந்த மாதிரித் தவறு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குதிரை என்று இருக்கும் இடத்தில் வீடு என்று வாசிக்கிற பிள்ளை (‘ஹார்ஸ்’, ‘ஹவுஸ்’) முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்து நடுவை ஊகிக்கிறது. அதற்கு உயிரெழுத்து ஒலிகளில் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டி, பிறகு சும்மா நிற்கிற பிள்ளைக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. ‘டபிள்யூ-இ-டி’ என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘வெட்’ வராது. டபிள்யூ என்ற பெயரில் அந்த ‘வ’ ஒலியே இல்லையே! மூன்றாவது ரகம் கடகடவென்று வாசித்துவிட்டு, ‘என்ன வாசித்தாய்?’ என்றால் விழிப்பது. அதற்கு வேண்டியது சொற்பொருள். வாசிப்புப் பயிற்சியை இன்னும் கூட்டுவதால் அதற்குப் பலனில்லை. இந்த மூன்று குழுவையும் நோட்டில் குறித்து வையுங்கள். எந்தக் குழு என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், பெஞ்சு மாற்றவும் வேண்டாம்.

40 பீரியடிலும் முதல் 10 நிமிடம் வாசிப்புக்கு. மொத்தம் 400 நிமிடம். பாடத்தைக் குறைக்காமல் கிடைக்கிற நேரம் இதுதான். இதில் குழுவுக்குத் தக்க அட்டைகளைக் கொடுங்கள்.

இப்போது புரோஸ் பாடத்தின் ஆறு பீரியடைப் பார்ப்போம். கடல் ஆமை பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் புத்தகமே திறக்க வேண்டாம். பாடத்தில் புதுச்சொல் 25 இருக்கும். கதை நகர எது அவசியமோ அந்த எட்டை மட்டும் எடுங்கள்: ஓடு, முட்டை, கரை, மணல், வலை, குழி தோண்டுதல், பொரிதல், ஆபத்து. காசிமேட்டுப் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லவே வேண்டாம். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது அவர்கள் வீட்டுப் பேச்சு. பொருளை அவர்கள் சொல்லட்டும், ஆங்கிலச் சொல்லை நீங்கள் கொடுங்கள். இரண்டாம் நாள் நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். வாசிக்கும் முன்பே இரண்டு கேள்வியைப் போர்டில் எழுதிவிடுங்கள். எதைத் தேடிக் கேட்கிறோம் என்று தெரியாவிட்டால் மூன்றாவது நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே போய்விடுவார்கள். மூன்றாம் நாள் சேர்ந்து வாசித்தல், பிறகு ஜோடி ஜோடியாக. நாலாம் நாள் கேள்விகள், ஐந்தாம் நாள் பாடத்திலிருந்து எடுத்த பத்து வினைச்சொற்கள், ஆறாம் நாள் ஐந்து வாக்கியம் எழுதுதல்.

கோளாறு பெரும்பாலும் மூன்றாம் நாளில்தான். 34 பேர் ஒரே குரலில் வாசிக்கும்போது கேட்க நிறைவாக இருக்கும். உண்மையில் 12 பேர் வாசிப்பார்கள், மீதிப்பேர் அரை விநாடி பின்னால் வாயசைப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: விரல் வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, வாக்கியத்தின் நடுவில் திடீரென்று கைதட்டி நிறுத்துங்கள். யார் விரல் சரியான சொல்லில் நிற்கிறது என்று நடந்து பாருங்கள். இரண்டே நாளில் வாயசைப்புக் குறைந்துவிடும்.

மழை நாளுக்கு ஒரு பை தயாராக இருக்கட்டும்: பழைய பாடத்திலிருந்து சிறு பத்திகள் 6, சொல் அட்டைகள், குறுக்கெழுத்து இரண்டு. பாதி வகுப்பு வந்த நாளில் புதுப்பாடம் தொடங்கினால் மறுவாரம் அதையே திரும்ப நடத்த வேண்டிவரும்.

எங்கள் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். தடுத்தால் வாயே திறப்பதில்லை. விடலாமா?
(ஆசிரியர், புளியந்தோப்பு)

விட வேண்டாம். ஆனால் அடித்துத் திருத்துகிற சமாசாரமும் இல்லை. மேலே ‘பேன்’ என்று எழுதியிருந்தால் அது மின்விசிறியா, தோசைக்கல்லா, தடையா? மூன்றுக்கும் அதே தமிழ் எழுத்துதான். தலையில் ஊர்வதைச் சேர்த்தால் நாலு. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் இரண்டுமே ‘பின்’. ஆங்கிலம் பிரித்துக் காட்டுவதைத் தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. பிள்ளையின் கண் தமிழ் வரியிலேயே ஓடுவதால் கீழே இருக்கும் ஆங்கில எழுத்தை அது பார்ப்பதே இல்லை.

ஒலிகள் தெரியாமல் இல்லை, இடம்தான் பழகவில்லை. ‘பள்ளி’யில் வரும் ப வேறு, ‘தம்பி’யில் வரும் பி வேறு. மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் மெலிந்து ஒலிக்கும், அவ்வளவுதான். ‘பத்து, பந்து’, ‘பட்டம், வண்டி’, ‘பச்சை, மஞ்சள்’, ‘பக்கம், தங்கம்’ என்று ஜோடியாகச் சொல்ல வையுங்கள். பிறகு ‘தம்பி’யில் ‘தம்’மை மெதுவாக விழுங்கச் சொல்லுங்கள். மிஞ்சுகிற ‘பி’யில் தொடங்குவதுதான் குப்பைத்தொட்டி. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வும் தெரியும். இதற்கு ஒரு பீரியட் முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

தமிழ் எழுத்தை எடுப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதல் வாரம் ஒரு பத்தியில் பத்துச் சொல்லுக்கு மட்டும் அனுமதி. அடுத்த வாரம் ஐந்து, அதுவும் பென்சிலில், சொல்லுக்கு மேலே இல்லாமல் பக்கத்தின் ஓரத்தில். ஓரத்துக்குப் போனதுமே கண் ஆங்கிலத்துக்கு வந்துவிடும்.

வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கிறோம். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம். ஏழாம் வகுப்பு வந்தும் சிலருக்கு எழுத்துகளே தடுமாறுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?
(தன்னார்வலர்)

12 வாரத்தில் 36 மணி நேரம். பள்ளிப்பாடத்தைத் திரும்ப நடத்தி இதை வீணாக்காதீர்கள். ஏ, பி, சி வரிசையும் வேண்டாம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்தின் ஒலியில் தொடங்குங்கள். இந்த ஆறை வைத்தே மூன்றெழுத்து, நாலெழுத்துச் சொற்கள் இருபதுக்கு மேல் அமையும். முதல் வார முடிவிலேயே பிள்ளை ஒரு சொல்லைத் தானாகச் சேர்த்து வாசித்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வெற்றி உடனே கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஆள் வராது. பிறகு வாரத்துக்கு நாலு ஒலி. ‘எஸ்எச்’, ‘சிஎச்’, ‘டிஎச்’ போன்ற இரட்டைகள் ஏழாம் வாரத்துக்கு மேல்.

ஒரு மணி நேரத்தில் ஒலிகளுக்கு 10 நிமிடம், சொல்லக்கேட்டு எழுதுவதற்கு 15, வாசிப்புக்கு 20, பேச்சுக்கு 15. டிக்டேஷனில் ஐந்து சொல்லும் ஒரு வாக்கியமும் போதும். வாக்கியத்தில் அன்று கற்ற ஒலியைத் தவிரப் புதிதாக எதுவும் இருக்கக் கூடாது.

எல்.கே.ஜி. படப்புத்தகத்தைக் கொடுத்தால் ஏழாம் வகுப்புப் பையன் கூசிப்போவான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலமே ஏராளம். கோல், பாஸ், கார்னர், பெனால்டி, காயின், ஸ்ட்ரைக்கர், லாரி, டீசல், நெட், ஐஸ், கன்டெய்னர், பிளாட்பாரம். ஆளுக்கு ஒரு நோட்டில் இப்படி நூறு சொல் சேர்க்கச் சொல்லுங்கள். பொருளும் உச்சரிப்பும் தயாராக இருக்கிறது, எழுத்தை மட்டும் ஒட்ட வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நிலையங்களின் பெயர்ப்பலகையும் நல்ல பாடம். தமிழில் தெரிந்த ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும்போது ஒலியும் எழுத்தும் தானாக இணையும். ‘ற்ற’ வருகிற பெயருக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் கலகலப்பு வந்துவிடும்.

வருகை சீராக இருக்காது. அதனால் ஒவ்வொரு நாளும் அன்றே தொடங்கி அன்றே முடிகிற வேலையாக இருக்கட்டும். ‘போன வகுப்பில் பார்த்தோமே’ என்று தொடங்கினால் வராதவன் அங்கேயே விழுந்துவிடுவான்.

‘ஐ டிட் நாட் வென்ட்’, ‘ஹீ கோ’, ‘வேர் யூ ஆர் கோயிங்’. எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வருகிறது. எல்லாவற்றையும் திருத்தவா, விடவா?
(ஆசிரியை, திருவொற்றியூர்)

மூன்றும் மூன்று வகை. விதியைச் சொல்வதைவிடத் தமிழைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும்.

‘டிட் நாட் வென்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நேற்று போனேன்’ என்பதற்கு எதிர்மறை என்ன என்று கேளுங்கள். ‘போகவில்லை’ என்பார்கள். ‘போனவில்லை’ என்று ஏன் சொல்லவில்லை? வகுப்பே சிரிக்கும். ‘போக’, ‘இல்லை’ என்று போர்டில் பிரித்து எழுதுங்கள். ‘இல்லை’க்கு நேராக ‘டிட் நாட்’, ‘போக’வுக்கு நேராக ‘கோ’. இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துகொண்டது, ‘கோ’ சுமக்க வேண்டியதில்லை. ‘வரவில்லை, சாப்பிடவில்லை, பார்க்கவில்லை’ என்று பத்து வினைக்கு இதையே செய்தால் பாதித் தவறு அன்றே குறையும். ‘போனவில்லை’ என்ற சொல்லே பிறகு வகுப்பின் எச்சரிக்கை மணி ஆகிவிடும். யாராவது ‘வென்ட்’ என்றால் பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்.

‘ஹீ கோ’ வேறு ரகம். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விகுதி. ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரே ஒரு ‘எஸ்’தான், அதுவும் அவன், அவள், அதுவுக்கு மட்டும். பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், வாயில் வர மாதங்கள் ஆகும். அதனால் பேச்சில் இதைப் பிடித்து நிறுத்த வேண்டாம். எழுத்தில் மட்டும் கேளுங்கள்.

கேள்விச் சொல் வரிசைக்கு விளக்கமே வேண்டாம். ‘நீ எங்கே போகிறாய்’ என்பதில் எதுவும் இடம் மாறுவதில்லை, அதனால் ஆங்கிலத்திலும் மாற்றத் தோன்றுவதில்லை. தினம் மூன்று நிமிடம், ஜோடியாக, ஒரே அச்சில் பத்துக் கேள்வி. வாய்ப்பழக்கம்தான் மருந்து.

நோட்டுத் திருத்தலில் கணக்குப் பாருங்கள். 34 நோட்டு, நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் 102 நிமிடம். வாரத்துக்கு வாரம் இது நடக்காது. கடைசியில் எல்லாவற்றிலும் சிவப்பு டிக் மட்டும் விழும். வாரத்துக்கு 11, 12 நோட்டை முழுக்கத் திருத்துங்கள், மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். சரியான விடையை நீங்கள் எழுதிக் கொடுக்காமல் ஓரத்தில் குறி போடுங்கள்: காலத் தவறுக்கு ‘கா’, எழுத்துப்பிழைக்கு ‘எ’, சொல்வரிசைக்கு ‘வ’. அவர்களே தேடித் திருத்த மறுநாள் ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் குறி போட்டது வீண். ஒரு கட்டுரையில் ஒரு வகைத் தவறை மட்டும் பார்ப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உருது பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கலாமா?
(ஆசிரியர், கொருக்குப்பேட்டை)

தெருவில் எல்லோரும் தமிழ் பேசும் பிள்ளைகள்தானே, விளக்கலாம். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்காதீர்கள். மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்தால் ஆங்கிலத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள், இலக்கண ஒப்பீடு, இந்த இரண்டுக்கும் தமிழ். ‘நோட்டைத் திற’, ‘ஜோடியாக உட்கார்’, ‘இன்னொரு முறை சொல்’ என்பது போன்ற 12 கட்டளைகள் பருவம் முழுக்க ஆங்கிலத்தில் மட்டும்.

அந்தப் பிள்ளைகளை ஒலிப் பயிற்சிக்குத் துணை வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் வன்மையும் மென்மையும் தனித்தனி ஒலிகள். உருதுவில் ‘ஃப’வும் வரிக்குதிரையின் முதல் ஒலியும் வீட்டிலேயே புழங்குபவை. மற்றவர்கள் திணறும் இடத்தில் அவர்கள் சட்டென்று சொல்லிக் காட்டுவார்கள்.

வளரறி மதிப்பீட்டுக்குச் செயல்பாடு என்றால் சார்ட் ஒட்டிவருகிறார்கள். பாதி வேலை அக்கா, அண்ணன் செய்தது. வேறு என்ன செய்யலாம்?
(ஆசிரியை, ராயபுரம்)

வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60. அந்த 40-இல் செயல்பாட்டுக்குரிய பாதியை வகுப்பறைக்குள்ளேயே முடித்துவிடுங்கள். முதல் வாரம் எடுத்த அதே ஒரு நிமிட வாசிப்பை ஆறாம் வாரமும் பத்தாம் வாரமும் வேறு பத்தியில் எடுங்கள், அது ஒரு செயல்பாடு. கேட்டு வரைதல் இன்னொன்று: நீங்கள் ஆறு வாக்கியத்தில் ஒரு தெருவை ஆங்கிலத்தில் வர்ணிக்க, அவர்கள் படம் போட வேண்டும். கடை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதிலேயே புரிதல் தெரிந்துவிடும். ஓவியத்துக்கு மார்க் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். சார்ட் பேப்பர் செலவும் வீட்டுக்கு மிச்சம்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. பையன் ஏழாவது. புத்தகத்தை எடுத்து மடமடவென்று படித்துக் காட்டுகிறான். நிஜமாகவே படிக்கிறானா, ஒப்பிக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு தாய், காசிமேடு)

உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாம் அம்மா. அவன் படித்த பத்தியின் கடைசி வரியைக் காட்டி, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். படிக்கத் தெரிந்தவன் மெதுவாகவாவது சொல்வான். பிறகு நடுவில் ஏதாவது ஒரு சொல்லில் விரல் வைத்து, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். சொல்லுக்கு மேலே தமிழில் எழுதியிருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தால் அதை மறைத்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, பாடத்தில் என்ன நடந்தது என்று தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். கதை சொல்கிறான், ஆனால் சொற்களைக் காட்டினால் முழிக்கிறான் என்றால் வகுப்பில் கேட்டது நினைவிருக்கிறது, வாசிப்புத்தான் வரவில்லை. வாசிக்கிறான், கதை தெரியவில்லை என்றால் பொருள் புரியாமல் ஓட்டுகிறான். இந்த இரண்டில் எது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள், ‘இங்கிலீஷ் வரலை டீச்சர்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட அவருக்கு அதிகம் உதவும். தினம் பத்து நிமிடம் போதும். விடியற்காலையில் நீங்கள் துறைமுகத்துக்குப் போகிறவர் என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் புத்தகம் எடுத்தால் தூக்கம்தான் வரும்.